கட்டார்க் குடியிலிருந்து கோயில் நிருவாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆலயத் தலைவர் அவர்களுக்கும், வண்ணக்கர்மாருக்கும், நிருவாக சபையினருக்கும்,

கட்டாரில் இருந்து வணக்கம்.

இதை எழுதுகிறவன் ஆர் என்று நாலு வரி வாசிக்க முதலே உங்களுக்கு விளங்கிவிடும். மட்டக்களப்புப் படுவான்கரையில் நம்மட ஊர் அவ்வளவு பெரிய ஊரில்லை. ஆனாலும் ஊரின் பேரையோ கோயிலின் பேரையோ என் பேரையோ நான் இதில் எழுதவில்லை. நாலு பேர் முன்னால் ஒருவரின் பேரைக் கூப்பிட்டால் எப்படிச் சுடும் என்பதை இந்த வைகாசியில் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்குத் திருப்பிச் செய்ய எனக்கு மனமில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும், நடத்தினவர்களே நீங்கள்தான். ஆனால் மேடையில் நின்றவர்களுக்குப் பின்வரிசை தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

இங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியில் இருந்து பின்னேரம் மூன்றரை வரை, வெளியில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த மணித்தியாலங்களைக் கொம்பனி சும்மா விடுமா? விடியப்புறத்தில் பிடித்துக்கொள்ளும். மூன்று மணிக்கு எழும்பினால்தான் நாலரைக்கு சைட்டில் நிற்கலாம். ஒன்பது மணிக்குள் படுக்காதவன் அடுத்த நாள் ஸ்கபோல்டிங்கில் ஏறி நின்று கீழே பார்க்கக் கூடாது. அப்படியிருந்தும் கண்ணகை அம்மன் சடங்கின் கடைசி இரவான குளிர்த்தி அன்று நான் படுக்கவில்லை. அங்கே நள்ளிரவு பன்னிரண்டு, இங்கே ஒன்பதரை. அறையில் ஆறு பேர், லைட்டை நிற்பாட்டியாயிற்று. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு நம்மட கோயில் லைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்தில் ஒருமுறை திறக்கிற கதவு. நாலு வருடமாக அதை நான் போனில்தான் பார்க்கிறேன்.

அம்மாவைக் கண்டேன். பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை, முன்னால் பூசைச் சாமான் வைத்த மடைப்பெட்டி. கண்ணகி கதையான வழக்குரை படித்து முடிந்தது. பூசை செய்கிற கட்டாடியார் உள்ளே போனார். அதே மைக்கில் வேறொரு குரல் வந்தது.

முதலில் சடங்குக் காசு செலுத்தியவர்கள். பேர், நாடு, தொகை. அதோடு விட்டிருக்கலாம். அடுத்தது “இதுவரை செலுத்தத் தவறிய வெளிநாட்டு அன்பர்கள்”. ஒன்பது பேர். ஏழாவது நான். என் பேரை ஒழுங்காகச் சொன்னாலும் பரவாயில்லை. அம்மாவின் பேரை முழுசாகச் சொல்லி, “அவர்களின் மகன், கட்டார்” என்றீர்கள். தயவுசெய்து, தயவுசெய்து என்று நடுநடுவே மரியாதையும் இருந்தது. மூன்று தரம் வாசித்தீர்கள்.

அம்மா சீலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டா. மழை தூறினால் போடுவாவே, அப்படி. கமரா திரும்பிவிட்டது. குளிர்த்தித் தண்ணீர் தெளிக்கிற நேரம் மறுபடி அந்தப் பக்கம் வந்தபோது மடைப்பெட்டி மட்டும் இருந்தது. ஆளில்லை. என் அறிவுக்கு அவ குளிர்த்தித் தண்ணீர் வாங்காமல் வீட்டுக்குப் போன முதல் வருடம் இதுதான்.

இதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியாதென்று நம்புகிறேன். தெரிந்திருந்தால் பற்றுச்சீட்டு எழுதியிருக்க மாட்டீர்கள்.

நாலு நாள் கழித்து வெள்ளிக்கிழமை வீடியோ கோல் எடுத்தேன். போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினா. வழக்கமாக அவவின் போனில் நாடியும் தாழ்வாரமும்தான் தெரியும். அன்றைக்கு நெற்றியும் கூரைத் தகரமும் மட்டும். “கொஞ்சம் இறக்கிப் பிடிங்கம்மா” என்றேன். இறக்கினா. காதில் தோடு இல்லை. துவாரம் தூர்ந்து போகாமல் இரண்டு ஈர்க்குத் துண்டு.

“கழுவக் குடுத்திருக்கன் மனே.”

பொய் சொல்லத் தெரியாத ஆள். அடுத்த நிமிடமே அழுதுவிட்டா. பட்டணத்துக்குப் போய் அடகு வைத்து, பஸ்ஸை விட்டு இறங்கின கையோடு கோயிலுக்கு வந்து உங்கள் பொருளாளர் கையில் எண்ணிக் குடுத்திருக்கிறா. பற்றுச்சீட்டைப் படம் பிடித்து எனக்கும் அனுப்பினா. “நன்கொடை, ரூபா 50,000, கட்டார் வாழ் அன்பர்.” நன்கொடை என்று அச்சடித்தே வைத்திருக்கிறீர்கள். நல்லது.

ஆகவே என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒரு குடும்பத்துக்குச் சடங்கு வரி 3,000 ரூபாய். எங்கள் வீட்டு வரியும் அதுதான். அதை எடுத்துக்கொண்டு மிச்சம் 47,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், தோட்டை மீட்க. இனிமேல் குடுத்தவர் பேரோ குடுக்காதவர் பேரோ மைக்கில் வாசிக்க வேண்டாம்.

“கட்டார்ல இருக்கிறவனுக்கு 50,000 ஒரு காசா?” என்று கேட்பீர்கள். கேட்டுமிருக்கிறீர்கள், அக்காவிடம், கடைத்தெருவில் வைத்து. கணக்கைச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் 2021 மார்ச்சில் இருந்து ஆகக் குறைந்த சம்பளம் 1,000 றியால். சாப்பாடு குடுக்காத கொம்பனி அதற்கு மேல் 300 றியால் தர வேண்டும். எனக்கு அந்த 1,300தான். தங்குமிடம் கொம்பனியுடையது, ஓட்டி, அதாவது ஓவர்டைம், எப்போதாவது. மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 50 றியால். மெஸ்ஸுக்கு 320. போனுக்கு 55. சவர்க்காரம், தலைமயிர் வெட்டு, தலையிடிக் குளிசை என்று 65. காசு அனுப்புகிற கூலி 20. மிச்சம் 840. ஊர்க் காசுக்கு 69,000 ரூபாய்ப் பக்கம் வரும். ஏஜென்சிக்குக் கட்ட நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு எடுத்த நாலு லட்சம் இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு மாதம் 20,000 வட்டி மட்டும். வீட்டுச் செலவுக்கு 30,000. மீதி 19,000இல்தான் தங்கச்சியின் வீடு. நம்ம பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இருந்த கல் வீட்டை அக்காவுக்குச் சீதனமாக எழுதியாயிற்று. அம்மாவும் தங்கச்சியும் பின்வளவில் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். தங்கச்சியின் வீடு பீம் மட்டத்தில் நின்று, உள்ளே ஆமணக்கு முளைத்துவிட்டது.

50,000 ரூபாய் என்பது 610 றியால். எனக்கு அது பன்னிரண்டு நாள் வேலை. ஊரில் பன்னிரண்டு நாள் கூலியை ஒரு சடங்குக்கு வரியாகக் குடு என்று எந்த வீட்டிலாவது கேட்பீர்களா?

அந்தத் தொகை எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு றியால் 55 ரூபாய். டொலர் ஏறின ஏற்றத்தில் மே மாதம் நூறைத் தொடப் பார்த்தது. அந்த வருடக் கூட்டத்தில்தான் ஒருவர் எழும்பி, “வெளிநாட்டுக்காரனுக்கு இப்ப ஒரு றியால் நூறு ரூபாய், ஐந்நூறு றியால் தந்தால் காணும்” என்று சொல்ல, நீங்கள் 50,000 என்று எழுதிக்கொண்டீர்கள். கூடின அந்தக் காசை அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் கொண்டுபோனது கூட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த வருடம் செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு எழுபதுக்குக் கிட்டப் போனது. நீங்களும் அதே கடையில்தானே சாமான் வாங்கினீர்கள். பிறகு ரூபாய் நிமிர்ந்தது, றியால் இறங்கி 82 பக்கம் வந்தது. உங்கள் தொகை மட்டும் கல்யாணக்கால் மாதிரி நட்ட இடத்தில் நட்டபடி.

அடுத்தது இந்தப் புதுக் குடி. ஒவ்வொரு நாள் சடங்கும் ஒவ்வொரு குடிக்கு, ஒவ்வொரு வம்சத்துக்கு, உரியது என்பது பெரியவர்கள் வைத்த ஒழுங்கு. இப்போது நோட்டீசில் ஒரு நாளை “வெளிநாடு வாழ் உறவுகள்” என்று போட்டிருக்கிறீர்கள். கட்டார்க் குடி என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம். குடி தாய்வழி வருவது. எங்கள் குடிக்குத் தாய் ஆர் என்று வண்ணக்கர் ஐயா ஒருக்கால் தெளிவுபடுத்தினால் நல்லது. கொழும்பு ஏஜென்சியில் பாஸ்போட்டை வாங்கி லாச்சிக்குள் போட்டுப் பூட்டின அம்மணியா? மற்றக் குடிகளில் கஷ்டப்பட்ட வீட்டுக்கு வரியைக் குறைப்பதும், சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருடம் விடுவதும் உண்டு. இந்தக் குடியில் மட்டும் கஷ்டப்பட்ட வீடே கிடையாது.

சுவிசும் சவூதியும் உங்கள் பட்டியலில் ஒன்றுதான். அங்கே குடியுரிமை எடுத்து, பிள்ளைகளோடு இருக்கிறவர்கள் மனதாரக் குடுக்கிறார்கள். அவர்களில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒன்பது பேரில் மூன்றாவதாக ஒரு அக்காவின் பேரை வாசித்தீர்கள். குவைத்தில் வீட்டு வேலை. அங்கே வீட்டு வேலைக்குச் சட்டத்தில் உள்ள ஆகக் குறைந்த சம்பளம் 60 தினார், இன்றைய கணக்குக்கு அறுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. புருஷன் இல்லாத பெண்ணிடம் ஒரு மாதச் சம்பளத்தை மைக்கில் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் கண்ணகை அம்மன் சந்நிதியில். இதற்கு மேல் நான் எழுதினால் மரியாதை கெட்டுவிடும்.

கோயிலை மட்டும் சொல்லிப் பிழையில்லை. விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி, பள்ளிக்கூடத்துக்கு மதில், ஆருக்கோ சத்திரசிகிச்சை, ஆருக்கோ கிணறு. எல்லாவற்றுக்கும் ஒரு வட்ஸ்அப் குறூப், எல்லாவற்றிலும் நாங்கள் முதல் பந்தி. பந்தலில் மட்டும் எங்களுக்கு இலை இல்லை. மேசன் கூட எங்கள் வீட்டுக்கு ஒரு கூலி, பக்கத்து வீட்டுக்கு ஒரு கூலி சொல்கிறான். “தம்பி வெளிநாட்டில தானே!” போன வருடம் லீவில் வந்தபோது வீதியில் கண்ட ஒருவர், “எப்ப வந்த?” என்று கேட்கவில்லை. “எப்ப போற?” என்றுதான் கேட்டார். நாட்டில் டொலர் இல்லாத காலத்தில் பதிவில்லாத உண்டியல்காரர் மூலம் அனுப்பாதே, பாங்கில் அனுப்பு என்று அரசாங்கமே எங்களைக் கெஞ்சினது. நாங்கள் நாட்டைத் தாங்குகிற தூணாம். தூணுக்குச் சாப்பாடு போடத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள் போல.

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். அரசாங்கத்துக்கு எழுத வேண்டியது வேறு கடிதம்.

நான் கோயிலுக்கு எதிரானவன் இல்லை. என் அப்பா அந்த வளவில் பந்தல்கால் நட்டவர். மண்டபம் கட்ட 2022இல் நானாகவே 15,000 அனுப்பினேன். அதை எந்த மைக்கிலும் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, வாசிக்கவும் இல்லை. ஓட்டி கிடைக்கிற வருடம் இனியும் அனுப்புவேன். எவ்வளவு என்பதை நானும் என் கையும் தீர்மானிக்க விடுங்கள்.

ஆகவே தாழ்மையுடன் மறுபடியும் கேட்கிறேன். பேர் வாசிக்க வேண்டாம். கோயில் குறூப்பில் பின் பண்ணி வைத்திருக்கிற அந்தப் பட்டியலை, ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு இன்னும் சிவப்பில் புள்ளடி போட்டிருக்கிற பட்டியலை, இந்தக் கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். எனக்கு நீங்கள் இப்போது பச்சையில் போட்டிருக்கிற சரி எனக்கு வேண்டாம். வரி 3,000 போக 47,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டின் படம் என்னிடம் இருக்கிறது; மூலச்சீட்டு அம்மாவின் தலகணி உறைக்குள் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் கோயிலுக்கு வருவார். காசை அவர் கையில் குடுங்கள். அம்மாவின் கையில் குடுக்க வேண்டாம். வாங்க மாட்டா. வாங்கினாலும் அம்மாளின் காசு என்று சொல்லி, வெளியே வருகிற வழியில் உண்டியலில் போட்டுவிட்டு ஈர்க்குக் குச்சியோடு வீட்டுக்கு வந்துவிடுவா.

இப்படிக்கு,
நீங்கள் வாசித்த ஏழாவது பேர்