பிளஸ் டூ முடிவதற்குள் அவர்களே பேசிப் பழகட்டும்

சேலம் மாவட்ட மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வட்டார வளமையங்களின் சிறப்புப் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். சேலத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். நீங்கள் பார்த்துப் பார்த்துப் படிக்க வைத்து அனுப்பும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் எங்களிடம் வந்ததும் எங்கே தடுமாறுகிறார்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பள்ளியில் எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுக்கிறீர்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என எதுவானாலும் உங்கள் மூலமாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போய்விடுகிறது. கல்லூரியில் அதை மாணவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் தேடி வந்து விசாரிப்பதில்லை.

முதல் பருவ உள்தேர்வில் ஒரு மாணவர் வினாத்தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விடைத்தாளில் பெயரும் பதிவு எண்ணும் மட்டும். ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை என்றேன். “ஸ்கூல்ல சாரே ஏற்பாடு பண்ணிடுவாங்க” என்றார். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு எத்தனை விழுக்காடு என்று கேட்டேன். அப்பாவுக்குத்தான் தெரியும் என்றார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன். பாடம் தெரியும், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் தெரியவில்லை.

சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 விழுக்காடு இடம் உண்டு. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. அந்த இடத்துக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு இருக்க வேண்டும். ஆனால் எழுதுபவரைக் கேட்க அந்த 40-ஐக் காட்டித் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. இதையெல்லாம் மாணவரே தெரிந்து வைத்திருந்தால் அலுவலக ஜன்னலில் ‘இல்லை’ என்று சொன்னதும் திரும்பிப் போக மாட்டார்.

அதனால் பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள். காலாண்டுத் தேர்வுக்கான சலுகைக் கடிதத்தை அவரே எழுதட்டும், அல்லது சொல்லி எழுத வைக்கட்டும். என்ன குறைபாடு, அதனால் எது சிரமம், எது கிடைத்தால் சமாளிக்க முடியும், இவ்வளவு போதும். அதை அவருக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லட்டும். முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை, உங்கள் முன்னால் நடுங்கிவிட்டுப் போகட்டும்.

சொல்லி எழுத வைப்பதும் தனிப் பயிற்சிதான். பழகிய பயிற்றுநர் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்வார். கல்லூரியில் வருபவர் முன்பின் தெரியாதவர். எங்கே பத்தி பிரிக்க வேண்டும், எதை அடிக்கோடிட வேண்டும் என்று சொல்லவும், எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லவும் பழக வேண்டும். ஒரு திருப்புதல் தேர்வுக்காவது புது ஆளை உட்கார வையுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இன்னொன்று. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களான கைப்பேசியின் டாக்பேக்கும் கணினிக்கான இலவச என்விடிஏ-வும் தமிழைப் படித்துக் காட்டும். ஆனால் யூனிகோடு முறையில் இல்லாத பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்பை அவற்றால் படிக்க முடியாது. “யூனிகோடில் அனுப்புங்க மேடம்” என்று கேட்கத் தெரிந்த ஒரு மாணவிக்கு எங்கள் துறைக் குறிப்புகள் எல்லாம் மாற்றித் தரப்பட்டன. கேட்கும் வரை எங்களில் பலருக்கு அது பிரச்சினை என்றே தெரியாது.

ஏற்காட்டுப் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டையிலும் ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் நாகலூர்ப் பிள்ளை 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டியிருக்கிறது. தினமும் பஸ்ஸில் வந்து போக முடியுமா, விடுதி வேண்டுமா, தரைத்தள அறை கிடைக்குமா என்பதையும் சேர்க்கைக்கு முன்பே வீட்டில் பேசி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் இவர்களை ஒரு நாள் பக்கத்துக் கல்லூரிக்கு அழைத்து வாருங்கள். செர்ரி ரோடு அரசு கலைக் கல்லூரியானாலும் சரி, கோரிமேட்டுப் பெண்கள் கல்லூரியானாலும் சரி, முதல்வருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டுவிட்டு வாருங்கள். சாய்தளமும் கழிப்பறையும் நூலகமும் எங்கே இருக்கின்றன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பெற்றோர் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிக்கட்டும். அலுவலகத்தில் கேட்க வேண்டியதைப் பிள்ளைகளே கேட்கட்டும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்