சுவரைப் பற்றிக் கொஞ்சம்

பட்டர்வொர்த், மலேசியா
நவம்பர் 23, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். தம்பிக்கு எஸ்.பி.எம். பரீட்சை நடக்கிறது, அவனைவிட அம்மாதான் தூங்காமல் இருக்கிறாள். அத்தை விஷயம் ஒரு வழியாக முடிந்தது. அதை அம்மா போனில் சொல்வாள், எனக்குச் சொல்லத் தெரியாது.

போன வாரம் நீ இங்கிலாந்திலிருந்து வீடியோவில் பேசியபோது உன் தலைக்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தில், சுவர் கறுத்திருந்தது. நான் கேட்பதற்குள் கேமராவை அணைத்துவிட்டாய். லைன் சரியில்லை என்றாய். சரி. அந்தச் சுவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது அழுக்கு இல்லை, பூஞ்சை. கூரை ஒழுகினால் பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகக் கறை விழும். மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் கறுப்புப் புள்ளிகளாக வந்தால் அது அறைக் காற்றில் இருக்கும் ஈரம். ஐஸ் மைலோ கிளாஸ் வெளியே வேர்க்கிறதே, அதேதான். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வை. 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியோ சுவரோ அந்தக் காற்று பட்டால் வேர்க்கும். ஹீட்டர் போடாமல் அறை 14 டிகிரிக்கு இறங்கினால், அதே ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டிவிடும். பூஞ்சை பிடிக்க 80 போதும். இங்கே ஏர்கோன் குளிரவைத்து ஈரத்தை எடுக்கிறது. அங்கே சூடேற்றி, பிறகு ஜன்னலைத் திறந்து ஈரத்தை வெளியே தள்ள வேண்டும். சூடேற்றாமல் ஜன்னலை மட்டும் திறந்தால் சுவர் இன்னும் குளிரும். ஜன்னலைத் திறக்காமல் சூடு மட்டும் போட்டால் ஈரம் உள்ளேயே சுற்றும்.

காலையில் பத்து நிமிடம், சமைத்த பிறகு பத்து நிமிடம் ஜன்னலை நன்றாகத் திற. வெளியே மழை பெய்தாலும் திற. 5 டிகிரிக் காற்றில் தண்ணீர் கொஞ்சம்தான் நிற்கும், உள்ளே வந்து சூடானதும் அது காய்ந்த காற்றாகிவிடும். சட்டியை மூடிவைத்துச் சமை. ரைஸ் குக்கரை ஜன்னல் பக்கம் வை. துவைத்த துணியை அறைக்குள் போடாதே, ஒரு மெஷின் துணியில் இரண்டு லிட்டர் தண்ணீர்வரை இருக்கும், அத்தனையும் உன் சுவருக்குத்தான் போகும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி வை.

இப்போது ஹீட்டர், கேஸ் பாய்லர் காய்ச்சும் தண்ணீர் ஓடிச் சூடாகிற அந்தச் சுவர்ப்பலகை. அதன் ஓரத்துத் திருகில் இருக்கும் எண்கள் வேகம் அல்ல, சூட்டின் அளவு. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது, அளவுக்கு மீறிச் சூடாகும், அவ்வளவுதான். 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. திருகின் மேல் திரைச்சீலையோ துண்டோ தொங்கினால் தன்னைச் சுற்றியிருக்கும் சூட்டை அறையின் சூடு என்று நினைத்து முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். கோடை முழுக்க மூடியே கிடந்திருந்தால் உள்ளேயிருக்கும் சின்ன ஊசி ஒட்டிக்கொள்ளும். நீ 3-இல் வைத்தாலும் ஹீட்டர் சில்லென்றே இருக்கும். அப்படியானால் உடைந்துவிட்டது என்று விட்டுவிடாதே. திருகின் தலையைக் கழற்றி ஊசியை மெதுவாக அழுத்திப் பார், மேலே எழும்பி வர வேண்டும். இடுக்கியால் பிடித்து இழுக்காதே, தண்ணீர் பீச்சும். ஹீட்டரின் கீழே சூடாகவும் மேலே சில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு மேல்மூலைத் திருகை அதற்கான சின்னச் சாவியால் கால் சுற்று இடப்பக்கம் திருப்பு. 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடு. பிறகு பாய்லரில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார். ஆறியிருக்கும்போது 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிடு.

கறுத்த இடத்தைக் காய்ந்த துணியால் தேய்க்காதே, தூசியாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். கையுறை, முகக்கவசம் போட்டு, பூஞ்சை மருந்து நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப்போடு. குளோரக்ஸ் ப்ளீச் ஊற்றினால் அதோடு வினிகர் சேர்க்காதே, விஷப்புகை வரும். துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு இமெயில் அனுப்பு. போனில் சொன்னால் சாட்சி இருக்காது. வாடகை வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2018-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள், ஈரமும் அதில் அடங்கும். பயந்துகொண்டு பேசாமல் இருக்காதே. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியரிடமே எழுந்து நின்று கேள்வி கேட்ட பிள்ளை நீ. இன்றுவரை அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேசும்போது மூன்று முறை இருமினாய். அம்மா எண்ணினாள். மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தால் கிளினிக்கில் காட்ட வேண்டும். விசாவுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவத்துக்கென்று கட்டியாகிவிட்டது, டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. பெயர் பதிந்தாயா என்று செப்டம்பரிலேயே கேட்டேன், பதில் இல்லை. வைட்டமின் டி-யும் வாங்கிக்கொள், ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம். நம் தோலுக்கு அந்த ஊர் வெயில் போதாது.

எப்போது கூப்பிட்டாலும் "வேலையில் இருந்தேன் பா" என்கிறாய். மாணவர் விசாவில், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சரிக்கட்ட முடியாது. கடைக்காரர் கெஞ்சினாலும் போகாதே. தம்பிக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதத் தெரிகிறது உனக்கு. எங்களுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

ஹீட்டரைப் போடு. முழு நாளும் வேண்டாம் என்றால் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம். 18 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதே. காசு போட்டு ஓட்டும் மீட்டரில் ஒன்று கவனி. கேஸே எரிக்காவிட்டாலும் தினக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் காசு போடாமல் விட்டால் அடுத்து நீ போடுவதில் ஒரு பங்கை அந்தப் பாக்கியே தின்றுவிடும். நீயும் உன்னோடு தங்கியிருக்கும் அந்தக் குளுவாங் பிள்ளையும் மிச்சம் பிடிப்பதாக நினைப்பது மிச்சம் இல்லை.

பாப்பா, நீ அனுப்பிய அக்டோபர் செலவுக் கணக்கை இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேஸ் என்ற இடத்தில் 6 பவுண்டு என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் 'கெட்டிக்காரி' என்று பதில் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ஊராருடைய அறைகளின் சூட்டையும் குளிரையும் அளந்து சாப்பிடுகிறவன் நான். அந்த ஊரில் அக்டோபரில் 6 பவுண்டு என்றால் என் பிள்ளை குளிரில் படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் உன்னை ஏற்றிவிடும்போது, ஒவ்வொரு பவுண்டையும் ஆறால் பெருக்கி ரிங்கிட்டாக்கிப் பார்த்துவிட்டுச் செலவு செய் என்று சொன்னதும் நான்தான். அம்மா அப்போதே என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் கேட்கவில்லை. இனிமேல் பெருக்காதே. நவம்பர் கணக்கு அனுப்ப வேண்டாம், இனி எந்த மாதத்துக்கும் வேண்டாம்.

சேமநிதியிலிருந்து எடுத்தது இன்னும் இருக்கிறது. நாளைக்கு 300 பவுண்டு அனுப்புகிறேன், அது மீட்டருக்கு. அம்மா கொடுத்த நெத்திலி தீர்ந்திருந்தால் அதையும் சொல்.

உனக்கு இரவு பத்து மணி என்றால் எங்களுக்குக் காலை ஆறு. நான் எழுந்திருப்பேன். கேமராவை அணைக்காமல் பேசு. சுவர் கறுப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா