மீசை கழன்ற ராஜா எழுதுவது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. பிள்ளை பெற்ற வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? பேத்தி இப்போதுதான் ராத்திரியில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறாள். உன் முட்டிக்கு ஊசி போட்டார்களே, தேவலையா? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே. காயப்போட்ட துணியை வேறு யாராவது எடுத்து வரட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மகளையும் என்னையும் நாடகத்துக்கு அனுப்பி வைத்தார். இங்கே லண்டனில், சேரிங் கிராஸ் சாலையில் இருக்கும் கேரிக் தியேட்டர். ‘தி புரொட்யூசர்ஸ்’ என்கிற பாட்டு நாடகம். டிக்கெட் விலையை மகள் கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சிரிப்பே வந்திருக்காது.

இது முதலில் சினிமாவாக வந்தது. மெல் புரூக்ஸ் என்கிற அமெரிக்க நகைச்சுவை இயக்குநர் 1967-ல் எடுத்த படம். திரைக்கதைக்கு ஆஸ்கார் வாங்கினார். அதை அவரே 2001-ல் நியூயார்க் பிராட்வேயில் மேடைக்குக் கொண்டுபோனார். மேடை நாடகங்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் டோனி விருது 12, ஆறு வருஷத்தில் 2,502 காட்சிகள். கூட்டம் தாங்காமல் நல்ல இருக்கைகளை 480 டாலருக்கு விற்றார்களாம்.

கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாக்ஸ் ஒரு நாடகத் தயாரிப்பாளர், போட்டதெல்லாம் தோல்வி. அவர் கணக்கைப் பார்க்க வருகிறான் லியோ என்கிற பயந்தாங்கொள்ளி. கையில் சின்னதாக ஒரு நீலப் போர்வைத் துண்டு வைத்திருப்பான். பயம் வந்தால் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வான். நாடகம் ஓடினால் பங்கு போட்டவர்களுக்கு லாபம் கொடுக்க வேண்டும், ஊற்றிக்கொண்டால் ஒருவரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று அவன்தான் வாய் தவறிச் சொல்கிறான். அவ்வளவுதான். மாக்ஸ் பணக்காரப் பாட்டிகளைக் கொஞ்சிக் கொஞ்சிப் பணம் வாங்கி, ஒரே நாடகத்தின் லாபத்தைப் பல மடங்காக விற்றுவிடுகிறார். இனி நாடகம் நிச்சயம் ஊற்றிக்கொள்ள வேண்டும். தேடிப்பிடித்து, ஹிட்லரைப் புகழ்ந்து ஒரு நாஜிக் கிறுக்கன் எழுதிய நாடகத்தை எடுக்கிறார்கள். முதல் நாள் கூட்டம் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் யாரோ சிரிக்க, இது கிண்டல் நாடகம் என்று நினைத்து மொத்தச் சபையும் சிரிக்கிறது. நாடகம் அமோக வெற்றி. இவர்கள் இருவருக்கும் அதுவே கம்பி எண்ண வைக்கும் வெற்றி.

ஆக, கதையின் முடிச்சே பார்க்க வந்தவர்களின் முகத்தில்தான் இருக்கிறது. படத்தில் கேமரா சட்டென்று திரும்பி அந்த முகங்களைக் காட்டும். வரிசை வரிசையாக உறைந்துபோன முகங்கள். அந்த ஒரு காட்சிக்காகவே நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மேடையில் என்ன செய்வது? திரும்பிக் காட்ட கேமரா இல்லை. எதிரே இருக்கும் கூட்டம் நாம்தான். நமக்கோ என்ன வரப்போகிறது என்று முன்பே தெரியும். ஹிட்லர் பாட்டு ஆரம்பித்ததுமே கைதட்டல். ஒருவர்கூட வாய் பிளக்கவில்லை. சிரிப்பதற்குத் தயாராக, சில பேர் கையில் ஒயினோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்ணைக் கவனித்தேன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கூட வந்த பையன் எதையும் சொல்லாமல் கூட்டி வந்திருக்கிறான் போல. கையில் நாஜிப் பட்டை கட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டு நடிகர்கள் வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலையை மெல்லத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களா, சிரிக்கலாமா என்று பார்க்கிறாள்! பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலைப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள். எடுத்ததும் அவளிடமிருந்து வந்த சிரிப்பு இருக்கிறதே, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. படத்தில் முந்நூறு பேர் சேர்ந்து செய்ததை எனக்கு முன்னால் ஒருத்தி தனியாகச் செய்து காட்டினாள். அதற்குமேல் நான் மேடையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தப் பட்டை விஷயத்தில் எனக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம். ஸ்வஸ்திக்கைப் பூஜை அறையில் பார்த்து வளர்ந்த கண் ஆயிற்றே. இவர்களுடையது சாய்ந்து நிற்பது, வேறு என்று மூளைக்குத் தெரிகிறது; கண்ணுக்கு ஒரு நொடி ஆகிறது. நான் ஒரு நொடி தாமதமாகத்தான் சிரித்தேன்.

எனக்கு இடப்பக்கம் ஒரு பெரியவர். படம் அவருக்கு மனப்பாடம். நடிகர் வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்னால் இவர் வாய் அசையும். நம் ஊர் தியேட்டரில் நாகேஷ் பேசுவதற்கு முன்னால் பெஞ்ச் டிக்கெட் பேசுமே, அதே கதைதான், என்ன, இவர் சத்தம் போடவில்லை. இடைவேளையில் என்னிடம் ஒரே புலம்பல். படத்தில் ஹிட்லர் வேஷம் போடும் அந்த ஹிப்பி இதில் இல்லையாம், ஏன் எடுத்தார்கள் என்று கேட்டார். மேடையில் அந்த வேஷத்தை, நாடகத்தை எழுதிய நாஜிக் கிறுக்கனே போடுவதாக இருந்து, அவன் காலை ஒடித்துக்கொள்ள, கடைசி நிமிஷத்தில் டைரக்டரே ஹிட்லராகிவிடுகிறார். எனக்கு இதுதான் பிடித்தது. ஹிப்பி அந்தக் காலத்துச் சரக்கு. மேடை வெளிச்சத்துக்கு ஏங்கும் டைரக்டர் எந்தக் காலத்திலும் உண்டு. பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்த மனுஷரிடம் எதற்கு வாதம்?

இன்னொன்று கவனித்தேன். படத்தில் ஒரு ஜோக்குக்குத் தியேட்டர் அதிர்ந்தால் அடுத்த வசனம் அதில் மூழ்கிப்போகும். திரைக்கு நம் சிரிப்பு கேட்காது. அதனால்தான் மார்க்ஸ் சகோதரர்கள் என்கிற ஹாலிவுட் சிரிப்பு நடிகர்கள், 1935-ல் வந்த ‘எ நைட் அட் தி ஆபெரா’ படத்துக்கு முன்னால் அந்தக் காட்சிகளை மேடை மேடையாக நடித்துப் பார்த்து, சிரிப்புக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கணக்கெடுத்துக்கொண்டார்கள். மேடையில் அந்தக் கணக்கு தினமும் மாறும். அன்று லியோவாக நடித்தவர் போர்வைத் துண்டைத் தேடும் இடத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை. அவரும் விடவில்லை. வசனத்தைச் சொல்லாமல் சட்டைப்பையில் ஒரு தடவை, காற்சட்டைப் பையில் ஒரு தடவை என்று தேடிக்கொண்டே நின்றார். சரியாகச் சத்தம் இறங்குகிற இடத்தில் அடுத்த வரி. இதை எங்கே கற்றுக்கொடுப்பார்கள்?

மெல் புரூக்ஸ் சொல்லும் ஒரு சம்பவம். ஒரு காட்சியின் நடுவில் ஆஜானுபாகுவான ஒருவர் எழுந்து வந்து, ஹிட்லரை வைத்து வேடிக்கையா, நான் இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டவன் என்று கத்தினாராம். நானும்தான் போரில் இருந்தேன், உங்களை அங்கே பார்க்கவில்லையே என்றாராம் இவர். புரூக்ஸ் யூதர், நிஜமாகவே ஐரோப்பாவில் சிப்பாயாக இருந்தவர். 2009-ல் இந்த நாடகம் பெர்லினுக்கே போனது. அங்கே அந்த நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டக்கூடாது. அதனால் தியேட்டருக்கு வெளியே தொங்கவிட்ட சிவப்புக் கொடிகளில் ஸ்வஸ்திக்குக்குப் பதில் முறுக்கு மாதிரி இருக்கும் அவர்கள் ஊர் பிரெட்சல். உள்ளே உட்கார்ந்த ஜெர்மன்காரர்களின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போதெல்லாம் எல்லா நாடகத்துக்கும் எழுகிறார்கள் என்று மகள் சொன்னாள். நானும் எழுந்தேன். எழாவிட்டால் முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும்.

இவ்வளவும் எழுதியது எதற்கென்று கண்டுபிடித்திருப்பாய். அந்த நாஜி எழுத்தாளன், தன் நாடகத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவான். அவன் வந்து நின்றதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது! கோபப்படாதே. கல்லூரி ஆண்டு விழா. நீ ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து எழுதிய சோக நாடகம். நான் ராஜா. சாகும் காட்சியில் வேர்வையில் பசை இளகி, மீசை ஒரு பக்கம் கழன்று உதட்டில் தொங்கியது. நான் பேசப் பேச அது ஆடியது. முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் ஹாலே. பிரின்சிபால் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டதை நான் செத்துக்கிடந்தபடியே பார்த்தேன். கடைசியில் சிறந்த நகைச்சுவை நாடகம் என்று உனக்குப் பரிசும் கொடுத்துத் தொலைத்தார்கள்.

மூன்று மாதம் நீ என்னிடம் பேசவில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டு மேசையில்கூட எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாய். வேண்டுமென்றே சரியாக ஒட்டாமல் வந்தேன் என்றாய். இல்லை டீ. நான்கு தடவை ஒட்டினேன். ஆனால் ஒன்றை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை. முதல் சிரிப்பு வந்ததும் மீசையை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருக்கலாம். கைக்கு எட்டுகிற தூரம்தான். அழுத்தவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தேன்.

அந்தப் பரிசு எவர்சில்வர் டம்ளர் இன்னும் உன்னிடம் இருக்கிறதா, இல்லை பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாயா? எழுது. முட்டியைப் பார்த்துக்கொள்.

உன்,
ராஜா