சாரணர் முகாமில் விறகடுப்புச் சமையல்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளி மாலை தொடங்கும் எட்டாம் வகுப்புச் சாரண, சாரணியர் முகாமில், சனிக்கிழமையின் மூன்று வேளை உணவையும் பிள்ளைகளே விறகடுப்பில் சமைப்பார்கள் என்று அறிவித்திருந்தோம். உணவை வெளியில் சொல்லி வரவழைத்துவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோன பிறகு, பள்ளியில் அடுப்பு என்றாலே பெற்ற மனம் பதறுவது இயல்பு. அந்த அச்சத்தை மதித்தே, என்ன செய்யப்போகிறோம் என்பதை விரிவாக எழுதுகிறேன். சமையலைக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை.

அடுப்புகள் கூரையோ பந்தலோ இல்லாத திறந்த திடலில், காற்று கூடாரங்களிலிருந்து அடுப்பை நோக்கி வீசும்படியான பக்கத்தில், சருகும் புல்லும் செதுக்கிய வெறுந்தரையில் அமையும். ஏரியோரக் கற்களை அடுப்புக்கு வைக்கமாட்டோம். நீரில் ஊறிய கல் சூடேறும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறக்கூடும் என்பதால் காய்ந்த செங்கற்களையே அடுக்குகிறோம். விறகு, நன்றாகக் காய்ந்த சவுக்கு. சுள்ளி பொறுக்கப்போகும் பிள்ளைகளுக்கு அரளியை அடையாளம் காட்டியிருக்கிறோம். அதன் புகையும் நஞ்சு, அந்தக் குச்சியால் கிளறிய உணவும் நஞ்சு.

திட்டமிடும்போது நெருப்பைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது கஞ்சி வடிப்பதுதான். எட்டுப் பேருக்கான சோற்றுப் பானையை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை சாய்த்து வடிப்பது சரியாக இராது. ஆகவே வடிக்கவே தேவையில்லாத வெண்பொங்கலைக் காலைக்கும், ஒரே பாத்திரத்தில் வேகும் காய்கறிச் சாதத்தைப் பகலுக்கும், தணலில் சுட்ட உருளைக்கிழங்கும் சப்பாத்தியும் இரவுக்கும் தேர்ந்தெடுத்தோம். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் குழைத்த மண்ணைப் பூசி அடுப்பேற்றினால் கரி எளிதில் கழுவிப் போகும் என்பதை நம் சத்துணவுச் சமையலர் அம்மா கற்றுக்கொடுத்தபோது, பிள்ளைகளின் முகத்தில் கண்ட வியப்பை நீங்களும் பார்த்திருக்க வேண்டும். பொங்கல் அடிப்பிடித்தால் அதையும் பகிர்ந்து உண்பார்கள். பகலுக்குச் சமைக்கும்போது தணலை இழுத்துவிடத் தாமே கற்றுக்கொள்வார்கள்.

ஒவ்வோர் அடுப்பருகிலும் ஓர் ஆசிரியரும், இரண்டு வாளித் தண்ணீரும், ஒரு வாளி மணலும் இருக்கும். சமையல் முடிந்ததும் நீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் குளிர்ந்ததை ஆசிரியரே சோதித்த பிறகுதான் இடத்தைவிட்டு அகல்வோம். குளிருக்கென்று தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக அறவே அனுமதியில்லை; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சூடு பட்டால் உடனே இருபது நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்டுவோம். பற்பசையோ மையோ தடவமாட்டோம்.

உங்களிடம் வேண்டுவது சில. நைலான், பாலியெஸ்டர் துணிகளைத் தவிர்த்துப் பருத்தி உடையும், விரல்களை மூடும் காலணியும் கொடுத்தனுப்புங்கள். துப்பட்டா வேண்டாம், நீண்ட கூந்தலைப் பின்னி மடித்துக் கட்டிவிடுங்கள். இந்த வாரத்தில் ஒருநாளேனும், மகனானாலும் மகளானாலும், உங்கள் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கவும் தீக்குச்சி கிழிக்கவும் விடுங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்குப் புகை ஆகாது. அவர்களுக்கு மாற்றுப் பணி வைத்திருப்பதால், தயங்காமல் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். ஒப்புதல் படிவத்தைப் புதன்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்