தடைக்காலத்தில் ராயபுரத்துக்கு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில்நுட்பம் மனிதர்களை என்ன செய்கிறது என்று காட்டும் டிஜிட்டல் கலைவிழாக்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் சென்னையில் இப்படி ஒன்றை எங்கே நடத்தலாம் என்று வந்தாலே பேச்சு அடையாறு, ஈ.சி.ஆர். பக்கம் போய்விடுகிறது. வடசென்னையில், எங்கள் ராயபுரத்தில் நடத்துங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு மாலில் நடந்த ஒளிக்காட்சிக்கு என் பெண்ணை அழைத்துப் போனேன். நாலு சுவரிலும் மீன் நீந்துகிறது, கை வைத்தால் விலகி ஓடுகிறது. அழகுதான், மறுக்கவில்லை. "இது என்ன மீனும்மா?" என்று கேட்டாள். காசிமேட்டில் பிறந்த எனக்கே தெரியவில்லை, எந்தக் கடலிலும் இல்லாத மீன் அது.

என் நைனா நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் கண்ணாலேயே ஒரு கோட்டில் நிறுத்தி, இங்கேதான் வலை போடணும் என்று இடம் பிடிப்பார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேர் உண்டு. இன்று என் தம்பி ஜி.பி.எஸ்.ஸில் பாயிண்ட் போட்டுப் போகிறான், அந்தப் பாயிண்டுகளில் பாதி நைனா காட்டிக்கொடுத்த இடங்கள், ஆனால் கருவிக்குள் பேர் இல்லை, வெறும் எண்கள்தான். ஜி.பி.எஸ். வந்தபிறகு இருட்டிலும் வழி தவறாமல் தம்பி கரைக்கு வருகிறான், அந்த நிம்மதியை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். இரண்டும் நடந்திருக்கிறது. இதைக் காட்ட ஒரு கலைஞர் வரமாட்டாரா?

ஆஸ்திரியாவில் டான்யூப் கரையில் லின்ஸ் என்று ஒரு ஊர், இரும்பாலை ஊர். ஆர்ஸ் எலெக்ட்ரானிகா என்ற டிஜிட்டல் கலைவிழா 1979இல் அங்கேதான் தொடங்கியது. முதல் வருஷமே ஆற்றங்கரையில் ஒலிபெருக்கி வைத்து ப்ரூக்னர் என்ற இசையமைப்பாளரின் சிம்பொனியை ஒலிக்கவிட்டார்கள், ஊர்க்காரர்களும் வீட்டு ரேடியோவை ஜன்னலில் வைத்து அதே இசையைத் தெருவுக்கு விட்டார்கள். ஜனங்களைக் கூட்டிக்கொண்டு தொடங்கிய விழா அது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பழைய தபால் பார்சல் கட்டடத்திலும் பல வருஷம் நடத்தியிருக்கிறார்கள்.

எங்களிடம் இல்லாத கட்டடமா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்து. 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறது பெரம்பூர் ஐ.சி.எஃப். இந்தப் பக்கம் எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலை ஆற்றில் 2023 டிசம்பரில் கலந்த எண்ணெய், அந்த எண்ணெயைக் கையாலேயே அள்ளிப் போட்ட மீனவர்கள். தொழில்நுட்பம் மனிதர்களை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம், ஆனால் நாங்கள் சொல்வதைக் கேட்க ஒரு இடம் வேண்டும்.

ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: டிக்கெட் வைக்காதீர்கள், எங்கள் பிள்ளைகளை நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடாதீர்கள். படம் எடுக்க, கம்ப்யூட்டர் கோட் எழுத, கானா பாடத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சம்பளம் கொடுங்கள். அப்புறம், தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வெயில்தான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வையுங்கள். நைனாவை நான் அழைத்து வருகிறேன், அந்த இடங்களின் பேரெல்லாம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை-13