தீக்குச்சியைக் கடைசியில் எடு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் ஐந்து நாள் காட்டுக்குள் நடக்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். போகாதே என்று சொல்ல மாட்டேன், போய் வா. ஆனால் வழி தவறி, நனைந்து, இருட்டும் நேரத்தில் எங்காவது தங்க நேர்ந்தால் உனக்கு நெருப்பு மூட்டத் தெரிந்திருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வயதில் நானும் இரண்டு நண்பர்களும் மழையில் மாட்டிக்கொண்டோம். குளிர் தாங்காமல் கைக்குக் கிடைத்த சருகைக் குவித்துக் குச்சியைக் கிழித்தேன். பற்றியது, ஆனால் அடுத்துப் போட எதுவும் இல்லை. சுள்ளி தேடி நாலடி போய்த் திரும்புவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடியும் அதே கதை. கடைசியில் விரல் விறைத்துப்போய், குச்சியைப் பெட்டியில் உரசக்கூட வரவில்லை, விடியும்வரை முதுகோடு முதுகு ஒட்டி நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் குறையாக இருந்தது தீக்குச்சி இல்லை, பொறுமைதான். அதனால், கை நன்றாக வேலை செய்யும்போதே, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் குச்சியை எடு. போதும் என்று தோன்றுகிற அளவைப்போல மூன்று மடங்கு சேர்.

மழைக்காட்டில் காய்ந்த விறகு எங்கே கிடைக்கும் என்கிறாயா? தரையில் கிடப்பதைத் தொடாதே, அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நின்றபடியே பட்டுப்போன மரத்தின் கிளையை முறித்துப் பார். ‘டப்’பென்று ஒடிந்தால் எடுத்துக்கொள், வளைந்தால் விட்டுவிடு. மேல்பட்டை நனைந்திருந்தாலும் கிளையைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள்கட்டையில் கத்தியை அழுத்தாமல் இழுத்தால் பென்சில் சீவும்போது வருகிற மாதிரி மெல்லிய சுருள் வரும். அதைக் கட்டையிலிருந்து அறுத்துவிடாமல் அப்படியே விட்டு, அடுத்ததை இழு. இருபது முப்பது சுருள் சேர்ந்தால் கட்டையே பூங்கொத்து மாதிரி ஆகிவிடும், அது ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும்.

உண்மையில் சுடர்விட்டு எரிவது விறகு இல்லை, சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயுதான். ஈரக்கட்டையில் அந்தச் சூடெல்லாம் முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அதனால்தான் தீக்குச்சி பருமனில் தொடங்கு, அப்புறம் பென்சில், அப்புறம் கட்டைவிரல், அது நின்று எரிந்த பிறகுதான் மணிக்கட்டு அளவு. தரை ஈரமாக இருந்தால் கீழே கிளைகளை நெருக்கமாகப் பரப்பி அதன் மேல் மூட்டு. காற்றுப் போக இடம் விட்டு அடுக்கு. ஊதும்போது தாழக் குனிந்து, அடியில், மெல்ல நீளமாக ஊது.

பையில் லைட்டர், ஃபெர்ரோ ராட் (உரசினால் பொறி பறக்கும் உலோகக் குச்சி) இரண்டும் வைத்துக்கொள். லைட்டர் கடுங்குளிரில் சண்டித்தனம் செய்யும், உள்ளே திரவமாக இருக்கும் பியூட்டேன் என்ற எரிபொருள் வாயுவாக மாறாது, அக்குளில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கு. ராடு நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம், பொறி ஏறத்தாழ 3000 டிகிரி செல்சியஸ் சூடு. பொறியைத் தாங்கிப் பிடிக்க, வாஸ்லின் தடவிய பஞ்சுருண்டைகளை ஒரு சின்ன டப்பாவில் அடைத்துக்கொள், ஒரு உருண்டை சில நிமிடம் நின்று எரியும்.

தூங்கப் போகும்போது தணலைக் கூட்டிச் சாம்பலால் மூடு. நீறு பூத்த நெருப்பு காலையில் கிளறினால் உயிரோடு இருக்கும். எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள் மட்டும் தணலைக் கொண்டுபோகாதே, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஆற்றுக் கல்லை வைத்து அடுப்புக் கட்டாதே, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஆபத்தில் உதவி கேட்க மூன்று நெருப்பு, முக்கோணமாக. பகலில் பச்சை இலையைப் போட்டால் புகை எழும்.

கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார். சூடு இருந்தால் இன்னும் அணையவில்லை. வேரில் பிடித்த நெருப்பு மண்ணுக்கடியில் நகர்ந்து வேறிடத்தில் கிளம்பும்.

போவதற்கு முன் ஒரு மழை நாளில், பாதுகாப்பான வெட்டவெளியில், மூன்றே மூன்று குச்சியை வைத்துக்கொண்டு மூட்டிப் பார். மூன்றும் வீணானால் அன்றிரவே என்னைக் கூப்பிடு, எந்த இடத்தில் அணைந்தது என்று சொல்.

அப்பா