பெரியவரை மறுபடியும் உட்கார வை

அன்பு மகள் மலருக்கு,

நேற்று நீ தொலைபேசியில் அழுததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. வெண்டிலேட்டரில் இருந்த பெரியவரைக் கட்டிலோரம் உட்கார வைத்ததும் இரத்த அழுத்தம் சரிந்தது, உடனே படுக்க வைத்துவிட்டாய். சரியாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் "இனி யாரையும் அசைக்க மாட்டேன்" என்றாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஐ.சி.யு.வில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அசையாமல் கிடப்பவர்தான் நல்ல நோயாளி. தூக்க மருந்து இரவும் பகலும் ஏறிக்கொண்டே இருக்கும். நிமோனியாவோடு வந்த ஒரு நெசவாளரை அப்படி மூன்று வாரம் வைத்திருந்து பிழைக்க வைத்தோம். தறி மிதித்து உரமேறிய கால்கள் குச்சியாகிப்போயிருந்தன. எழுந்து நிற்க முடியாமல், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றும் என்னை உறுத்துகிறது.

2009-இல் அமெரிக்காவில் வெண்டிலேட்டர் நோயாளிகள் 104 பேரிடம் நடந்த ஆய்வை நீயும் படித்திருப்பாய். தூக்க மருந்தை நிறுத்தும் நேரத்தில் தொடக்கத்திலேயே பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதம் பேர், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் மருத்துவமனையை விட்டுப் போனார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். அதற்காக அவசரப்படவும் கூடாது. 2022-இல் 750 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாக இயங்க வைத்ததால் பலன் கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும் ஆக்சிஜன் குறைவும்தான் அதிகமாயின.

ஆகவே டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கலந்து பேசிவிட்டுத் தொடங்கு. இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்தின் அளவு ஏறிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேண்டாம். முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தி, சில நிமிடம் மானிட்டரைப் பார். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணு. யூரின் பையைக் கால் இறங்கும் பக்கத்துக்கு மாற்று. வாயில் போட்டிருக்கும் வெண்டிலேட்டர் குழாயைப் பிடிக்க ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதே. அது நகரவில்லை என்று தெரிய, உதட்டருகே குழாயில் தெரியும் சென்டிமீட்டர் எண்ணை முன்பும் பின்பும் பார். என்ன செய்யப்போகிறாய் என்று பெரியவரிடமும் சொல். பேச முடியாதவருக்குக் காது கேட்கும். தலை சுற்றினால் கையை அழுத்தச் சொல்.

மறுபடி அழுத்தம் சரிந்தால் மறுபடி படுக்க வை. மறுநாள் பார்க்கலாம்.

அவர் பாதம் தரையில் பட்டதும் முகம் எப்படி இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். காத்திருப்பேன். இரவுப் பணிக்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
அம்மா